மூணாவது காரணம்

மணி என்னங்க இப்ப? ஒண்ணு இருபதா. சரி. என் போன்லயும் அதேதான் காட்டுது, இருந்தாலும் ஒருதரம் கேட்டுக்கிட்டா ஒரு திருப்தி. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி விடறீங்களா? காத்து சத்தத்துல போன் அடிச்சாக் கேக்காது. போதும், போதும். மோட்டல்ல காபி குடிச்சீங்களே, எப்படி இருந்துச்சு? நான் எறங்கவே இல்ல. எறங்கற நேரத்துல சிக்னல் போயிட்டா என்ன பண்றதுன்னு இங்கயே உக்காந்துட்டேன்.

நீங்க பெரம்பலூர்ல ஏறினப்பவே பேசணும்னு நெனச்சேன். ஃபைலை மடியில வச்சுக்கிட்டு அப்படியே தூங்கிட்டீங்க. என்ன ஃபைல் அது? பொண்ணோட மார்க் ஷீட்டா? ஓ, இனிஷியலைத் தப்பா அச்சடிச்சுட்டாங்களா. பாருங்க, ஒத்தை எழுத்து. எவனோ ஒருத்தன் அசட்டையா இருந்ததுக்கு நீங்க வேலையை விட்டுட்டு மெட்ராசுக்கு ஓடறீங்க. பள்ளிக்கூடத்துல கேட்டா ஆபீசைக் கை காட்டுவாங்க, ஆபீசுல கேட்டா பள்ளிக்கூடத்தைக் கை காட்டுவாங்க. எங்க தப்புதாம்மான்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வராது. சும்மா விடாதீங்க. நேரா உள்ள போய்க் கேளுங்க.

நானும் பரீட்சை வேலைதான் பாக்கறேன், அதனால சொல்றேன். முப்பத்தோரு வருஷம் திருச்சில பெண்கள் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர். உறையூர்ப் பக்கம் சுகுணவதி டீச்சர்னா எல்லாருக்கும் தெரியும். ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷமா இது. சீனாவுல பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளைங்க இருக்குல்ல, நம்ம ப்ளஸ் டூ மாதிரி முடிச்சது, அதுங்க இங்கிலீஷ்ல சொல்லித் தர்ற யுனிவர்சிட்டில சேரணும்னா பேச்சுப் பரீட்சை ஒண்ணு பாஸ் பண்ணணும். அந்தப் பரீட்சையை எடுக்கறது நான்.

சீனாவுக்கெல்லாம் போகலீங்க. கம்ப்யூட்டர்லதான். அந்தப் பிள்ளை அங்க கேமரா முன்னாடி, நான் உறையூர்ல நடு ரூம்ல. அங்க காலைல எட்டு மணின்னா நமக்கு அஞ்சரை. நாலரைக்கே எழுந்து குளிச்சு, கேமராவுல தெரியற வரைக்குமாவது மடிப்புக் கலையாத புடவை கட்டிக்கிட்டு உக்காந்துடுவேன். ஃபேன் போடக் கூடாது, சத்தம் ஏறும். பால்காரர் பெல் அடிக்கக் கூடாதுன்னு கேட்ல அட்டை எழுதித் தொங்க விட்டிருக்கேன். ஒரு பிள்ளைக்குப் பதினோரு நிமிஷம். பேசறதை வச்சு இருபதுக்கு மார்க். பன்னெண்டுக்குக் கீழ போனா அந்த யுனிவர்சிட்டில எடம் கெடையாது.

சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச வேலை. விடியறப்ப ஒரு பிள்ளை திரைல வந்து குட் மார்னிங் டீச்சர்னு சொல்லுதே, அது இல்லாட்டி எனக்கு எழுந்திரிக்கவே தோணாது. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னும் தெரியல.

நீங்க கேக்கலாம், அப்புறம் ஏன் இப்படிப் போனையே பாத்துக்கிட்டுப் பறக்கறேன்னு. அதைத்தான் சொல்ல வர்றேன். ஒரு பொண்ணுக்கு நான் பூஜ்யம் போட்டேன். அந்தப் பொண்ணு மேல்முறையீடு பண்ணிடுச்சு. இன்னிக்கு ரெண்டரை மணிக்குள்ள நான் போட்ட மார்க்கை நானே திரும்ப வாங்கிக்கலாம். அதுக்கு ஒரு பக்கம் தொறந்து வச்சிருக்காங்க, இதோ பாருங்க. நான் ஒண்ணும் செய்யாம சும்மா உக்காந்திருந்தா பூஜ்யம் அப்படியே நிக்கும். அந்த யுனிவர்சிட்டில இன்னும் மூணு நாள்ல சேர்க்கை முடியுது. அவ்வளவுதான் விஷயம். சும்மா உக்காந்திருந்தாப் போதும். சும்மா உக்காரத்தான் முடியல.

இல்லீங்க, தப்பு என் மேல இல்ல. முழுசாக் கேளுங்க.

இந்தச் சீனப் பிள்ளைங்க இருக்குதே, கெட்டிக்காரப் பிள்ளைங்க, ஆனா மனப்பாடம் பண்ணும் பாருங்க, நம்ம பிள்ளைங்க தோத்துடும். என்ன கேள்வி கேட்டாலும் 'வித் த டெவலப்மென்ட் ஆஃப் சொசைட்டி'ன்னுதான் ஆரம்பிக்கும். சமுதாயம் முன்னேறினதால அப்படிங்கறது. உனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்னு கேட்டாலும் சமுதாயம் முன்னேறித்தான் ஆகணும். அங்க டியூஷன் சென்டர்ல கட்டுரை எழுதிக் குடுத்துடறான். ஒரு பையனை நடுவுல நிறுத்தி வேற கேள்வி கேட்டேன். பதில் சொல்லிட்டு மறுபடி முதல் வரிலேர்ந்து ஆரம்பிச்சான். அப்பா டிரைவர்ங்கற கட்டுரையை மட்டும் இந்த சீசன்ல ஏழு பேர் ஒப்பிச்சாங்க. ஏழு பேருக்கும் அப்பா டிரைவரா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

அதனாலதான் மார்க் போடற பக்கத்துல மனப்பாடம்னு ஒரு கட்டம் வச்சிருக்காங்க. அதைத் தொட்டா மொத்தமும் பூஜ்யம். எல்லாரும் அதைத் தொட பயப்படுவாங்க. நான் பயப்பட மாட்டேன். எனக்குக் காது அப்படி. எங்க வீட்ல அவங்க ரயில்வேல கார்டு, சத்தத்தை வச்சே எந்தப் பெட்டில கோளாறுன்னு சொல்றவங்க. அவங்களே சொல்லுவாங்க, சுகுணா, உன் காதுகிட்ட யாரும் தப்பிக்க முடியாதுன்னு. அவங்க வாயால ஒரு நல்ல வார்த்தை வாங்கறது லேசுன்னு நெனச்சுடாதீங்க.

இந்தப் பொண்ணு வந்தது ஜூன் மாசம். பேரு ரெய்னி. நிஜப் பேரு வேற, அது என் வாயில நுழையல. இங்கிலீஷுக்குன்னு தனியா ஒரு பேரு வச்சுக்குவாங்க அங்க. ஆப்பிள்னு ஒரு பொண்ணு வந்துச்சு, சீசர்னு ஒருத்தன் வந்தான். கேள்வியெல்லாம் திரைல எழுதியிருக்கும், அதை மட்டும் படிக்கணும்னு ஆர்டர். எனக்கு அப்படி மொட்டையாக் கேக்க வராது. கொஞ்சம் மரியாதையா, வாட் இஸ் யுவர் குட் நேம்னு கேட்டேன். அது யோசிச்சுச்சு. யோசிச்சுட்டு, 'மை நேம் இஸ் நாட் வெரி குட், டீச்சர், பட் ஐ லைக்' அப்படிங்குது. என் பேரு அவ்வளவு நல்லா இல்ல, ஆனா எனக்குப் பிடிக்கும்னு. என்னத்தச் சொல்ல. அடுத்தது, நேட்டிவ் ப்ளேஸ் எதுன்னு கேட்டேன். முழிக்குது. சொந்த ஊர் எதுன்னு தெரியாத பிள்ளையை என்ன பண்றது. ஆரம்பத்துலயே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் அட்டை. அட்டைல ஒரு தலைப்பு வரும், ஒரு நிமிஷம் யோசிச்சு ரெண்டு நிமிஷம் பேசணும். அதுக்கு வந்த தலைப்பு, உன் வாழ்க்கையை மாத்தின ஒருத்தரைப் பத்திச் சொல்லுன்னு. பொண்ணு ஆரம்பிக்குது. மை மதர் டிரைவ் பிக் ட்ரக்.

அம்மா லாரி ஓட்டறாங்களாம். சரி. அடுத்த வரி, ஹீ டிரைவ் த்ரீ தவுசண்ட் கிலோமீட்டர். ஹீன்னா ஆம்பளைங்க. ஷீன்னா பொம்பளை. இங்கிலீஷ்ல அது கண்டிப்பு, மாத்திப் பேச முடியாது. அதுக்கு அடுத்த வரி, ஷீ ஸ்லீப் இன் த ட்ரக். இப்ப பொம்பளை ஆயிடுச்சு. ஆப்பிள் பெட்டி ஏத்திக்கிட்டுப் போறது அவன், டயர் மாத்தறது அவ, சாப்பிடறது அவன், பொண்ணுக்குப் போன் பண்ணிப் பாடம் கேக்கறது அவ. நான் பேனாவைக் கீழ வச்சுட்டேன். அப்புறம் ஒண்ணு சொல்லுச்சு பாருங்க, 'ஹீ கட் ஹெர் ஹேர் வெரி ஷார்ட், தென் நோபடி லுக் அட் ஹிம்.' அவன் அவ முடியை ஒட்ட வெட்டிட்டான், அதுக்கப்புறம் அவனை யாரும் பாக்கல. இது என்ன கதைங்க?

எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுச்சு. அப்பா டிரைவர் கட்டுரையை எடுத்து, அப்பாங்கற எடத்துல அம்மான்னு மாத்தி ஒப்பிக்குது. மாத்தறப்ப பாதி எடத்துல விட்டுப் போச்சு. ஒட்டுப் போட்ட துணி மாதிரி அங்கங்க தெரியுது. இல்லாட்டி யாருங்க அம்மாவை லாரி டிரைவர்னு சொல்லப் போறா?

சந்தேகம் வந்தாக் குறுக்குக் கேள்வி கேக்கணும், அது விதி. நான் விதியை மீறலை. நிறுத்திக் கேட்டேன், ஹூ இஸ் ஹீ? அந்த ஆம்பளை யாருன்னு. 'மை மதர்' அப்படிங்குது. தென் ஹூ இஸ் ஷீ? அப்ப அந்தப் பொம்பளை? 'மை மதர்.' ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில். மாட்டிக்கிச்சுன்னு அதோட முகத்துலயே தெரிஞ்சுச்சு. வேர்த்துப் போச்சு அதுக்கு. கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டி, 'ஒன் பர்சன், டீச்சர். ஒன்லி ஒன் பர்சன்' அப்படின்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. அதுக்குள்ள நேரம் முடிஞ்சுடுச்சு. நான் கட்டத்தைத் தொட்டேன்.

மணி என்ன? ஒண்ணு நாப்பதா. மெதுவாப் போறான் இவன். வேற யாராவது ஓட்டினா இந்நேரம் திண்டிவனம் தாண்டியிருப்போம்.

எதுல விட்டேன். ஆங், கட்டத்தைத் தொட்டேனா. ஒவ்வொரு பரீட்சையையும் பதிவு பண்ணி ரெண்டாவது ஆள் ஒருத்தர் கேப்பாங்க. எனக்கு ரெண்டாவது ஆள் செலின் டீச்சர். அதே பள்ளிக்கூடம், என்னை விடப் பன்னெண்டு வருஷம் சின்னவங்க. இந்த வேலைல சேத்து விட்டதே நான்தான். அவங்க பதிவைக் கேட்டுட்டு அன்னிக்கே எனக்குப் போன் பண்ணினாங்க. டீச்சர், இது மனப்பாடம் இல்ல, அவங்க பேச்சு மொழில ஹீக்கும் ஷீக்கும் ஒரே சத்தம்தான், ரெண்டையும் 'தா'ன்னுதான் சொல்வாங்க, அதனால எல்லாப் பிள்ளைங்களும் மாத்தி மாத்திச் சொல்லும், இலக்கணத்துக்கு ரெண்டு மார்க் குறைச்சுட்டு விட்டுடலாம்னாங்க. எனக்குத் தெரியாதா அது? அஞ்சு வருஷமா இதுங்களைக் கேக்கறேன். ஒண்ணு ரெண்டு எடத்துல மாறும், சரி. வரிக்கு வரி மாறுமா? இந்தப் பொண்ணு பயந்துட்டதால கூடவே மாறுதுன்னாங்க. எனக்குப் பாடம் நடத்தறாங்க.

நான் விட்டுக் குடுக்கல. அவங்களும் விட்டுக் குடுக்கல. தினம் சாயங்காலம் சேந்து கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடப்போம், அது நின்னு போச்சு. அவங்க என்கிட்ட முகம் குடுத்துப் பேசிப் பத்தொம்பது நாளாச்சு. எதுத்தாப்புல வந்தாலும் குடையைச் சாச்சுக்கிட்டுப் போயிடறாங்க. அவங்களுக்கு அவ்வளவு ரோஷம் இருந்தா எனக்கும் இருக்கும்ல. உன் காதுகிட்ட யாரும் தப்பிக்க முடியாதுன்னு சொன்னவங்க இன்னிக்கு எந்தப் பக்கம் நிப்பாங்கன்னு நெனச்சுப் பாப்பேன். என் பக்கம்தான். அவங்க எப்பவும் என் பக்கம்தான் நின்னாங்க.

அப்புறம் அந்தப் பொண்ணு மேல்முறையீட்டுல போட்டோ வேற வச்சிருந்துச்சு. லாரிக்கு முன்னாடி ஒரு ஆள் நிக்கறாப்புல. கிராப்பு வெட்டி, காக்கிச் சட்டை மாதிரி ஒண்ணு போட்டு, கைல கிரீசு. நான் பாத்ததும் சொல்லிட்டேன், இதோ அப்பா, நான் சொன்னேன்லன்னு. அதுக்குச் செலின் ஒரே ஒரு வரி மெசேஜ் போட்டாங்க, காதுல தோடு இருக்கு டீச்சர்னு. பெரிசு பண்ணிப் பாத்தேன். இருக்குதான் ஒண்ணு, சின்னதா. தோடு இந்தக் காலத்துல யார் வேணா போடறாங்க.

நேத்து ராத்திரி கடைசியா அவங்க ஒரு மெசேஜ் போட்டாங்க. படிச்சுக் காட்டறேன். 'டீச்சர், மூணாவது காரணத்தைத் தொட்டாப் போதும். இன்னிக்கே மார்க் ஏறிடும். பிள்ளைக்கு எடம் கெடச்சுடும். உங்களை யாரும் குறைச்சு நெனைக்க மாட்டாங்க.' பாத்தீங்களா எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டாங்க.

என்ன அந்த மூணாவது காரணம்னா, மார்க்கைத் திரும்ப வாங்கிக்கணும்னா ஏன்னு சொல்லணும். மூணு காரணம் குடுத்திருக்காங்க, ஏதாவது ஒண்ணைத் தொடணும். ஒண்ணு, நெட் துண்டிச்சுப் போச்சு. ரெண்டு, குரல் தெளிவா இல்ல. இந்த ரெண்டுல எதைத் தொட்டாலும் அந்தப் பிள்ளையை நவம்பர்ல மறுபடி பரீட்சைக்குக் கூப்பிடுவாங்க. மூணு, தேர்வாளர் செஞ்ச தப்பு, அதாவது மார்க் போட்ட என் தப்பு. அதைத் தொட்டா மட்டும் செலின் போட்ட மார்க் இன்னிக்கே ஏறும். பதினாலு போட்டிருக்காங்க அவங்க. பாஸ்தான்.

அதுல எனக்கு என்ன நஷ்டம்ங்கறீங்க. என்ன நஷ்டமா? என் பேருக்கு எதிரே எழுதிடுவாங்கங்க. அப்புறம் செலின் முதல் ஆளு, நான் ரெண்டாவது. அவங்க எடுக்கற பரீட்சையை நான் உக்காந்து கேட்டுச் சரின்னு சொல்லணும். பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியாது. வெறும் குரலை மட்டும் கேட்டுக்கிட்டு நடு ரூம்ல தனியா உக்காந்திருக்கணும். முப்பத்தோரு வருஷத்துல ஒரு பிள்ளையோட பேப்பர் கூட மறுகூட்டல்ல மாறினதில்ல எனக்கு.

என்னங்க? கேக்கல, மறுபடி சொல்லுங்க.

சாப்பாடா? யாருக்கு யாரு சாப்பாடு போடறா?

அட, நீங்க ஒண்ணு. வீட்டுக்காரர் கூட நான் எங்கங்க சண்டை போட்டேன்? பேசிப் பத்தொம்பது நாளாச்சுன்னு சொன்னது அவங்களை இல்ல. அது செலினை. குடையைச் சாச்சுக்கிட்டுப் போறது செலின். எங்க வீட்ல அவங்க போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. நான் ரிட்டயர் ஆகறதைக் கூடப் பாக்கல. இல்ல இல்ல, பரவால்ல, நீங்க வருத்தப்படாதீங்க. இவ்வளவு நேரமா செலினை என் வீட்டுக்காரர்னா நெனச்சுக்கிட்டிருந்தீங்க? நல்ல கூத்து.

நான் தெளிவாத்தாங்க சொன்னேன். நீங்கதான் கவனிச்சுக் கேக்கல. காதுகிட்ட யாரும் தப்பிக்க முடியாதுன்னு சொன்னது அவங்க, எங்க வீட்டுக்காரர். ரெண்டு மார்க் குறைச்சா போதும்னு சொன்னது அவங்க, செலின். எல்லாரையும் அவங்கன்னுதானே சொல்வோம். வரிக்கு வரி பேரைச் சொல்லிப் பேசற வழக்கம் எனக்குக் கெடையாது, வீட்டுக்காரர் பேரைச் சொன்னதே இல்ல. பேசறவளுக்கு யாரைச் சொல்றோம்னு மனசுல இருக்கும். ஆம்பளையா பொம்பளையான்னு அதுல ஒட்டி வச்சா சொல்ல முடியும்? எனக்கு ஆள் மாறவே இல்ல, உங்க காதுலதான்...

என்ன சொன்னீங்க?

அந்தப் பொண்ணும் அப்படித்தானான்னு கேக்கறீங்க.

இது வேறங்க. அது வேற. இது நாம பஸ்ல பேசிக்கறது. அது பரீட்சை. ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்கணும். நான் கேட்டேனே. அந்த ஆள் யாரு, இந்த ஆள் யாருன்னு ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அம்மான்னு... அம்மான்னுதான் சொல்லுச்சு.

முடியை அவங்களே வெட்டிக்கிட்டிருக்காங்க. லாரியை எங்கயாவது நிறுத்தித் தூங்கணும்ல. பொம்பளைன்னு தெரியக் கூடாதுன்னு வெட்டிக்கிட்டிருக்காங்க. அதுக்கப்புறம் யாரும் அவங்களைப் பாக்கல. அதைத்தான் சொல்லிருக்கு அது.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? குடுங்க. ஒண்ணுமில்ல, காலைலேர்ந்து சாப்பிடல, அதான்.

மணி? ரெண்டு பதினாறு. மேல்மருவத்தூர் வந்துடுச்சா? எவ்வளவு பேர் எறங்கறாங்க பாருங்க, பாதி பஸ் காலி. சிக்னல் இருக்கு. பக்கம் தொறக்குது. இதோ பாருங்க, நான் சொன்னேன்ல, மூணு காரணம். கொஞ்சம் இருங்க. பேசாதீங்க. இந்த வெயில்ல எழுத்தே தெரிய மாட்டேங்குது.

தேர்வாளர் செஞ்ச தப்பு. எப்படி எழுதியிருக்காங்க பாருங்க. கொஞ்சம் மரியாதையா எழுதக் கூடாதா? கருத்து வேறுபாடுன்னு போடலாம். மறுபரிசீலனைன்னு போடலாம். தப்பாம்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லீங்க. அந்தப் பொண்ணு வெரலைக் காட்டினது எனக்குக் கண்ணுலயே நிக்குது. பத்தொம்பது நாளாத் தூக்கம் இல்ல, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. அதுக்கு நல்லது செய்யணும்தான். அதுக்குன்னு எல்லாம் என் தலைல போட்டுக்கணுமா? அதுவும் சரியாப் பேசியிருக்கலாம்ல. மை மதர்னு ஆரம்பிச்ச பிள்ளை கடைசி வரைக்கும் மை மதர், மை மதர்னே சொல்லியிருந்தா இந்தப் பாடே இல்ல.

ரெண்டு இருபத்தொண்ணு.

தொட்டுட்டேன். தொட்டுட்டேங்க. அப்பாடா. பூஜ்யத்தை எடுத்துட்டேன். இதோ பாருங்க, பச்சை எழுத்துல வந்துடுச்சு.

மூணாவது இல்ல. ரெண்டாவது. குரல் தெளிவா இல்லன்னு போட்டேன். குரல் நல்லாத்தான் கேட்டுச்சு, இருந்தாலும் சீனாவுலேர்ந்து வர்ற சத்தம், யார் போய் அளக்கப் போறா? அந்தப் பிள்ளை பேர்ல இப்ப கறையே கெடையாது. மனப்பாடம்ங்கற பேச்சே போயிடுச்சு. நவம்பர்ல வந்து நிம்மதியா மறுபடி பேசட்டும். இந்த வருஷம் எடம் போகும்தான். போனா என்ன, சின்ன வயசுதானே. ஒரு வருஷம் நல்லாப் படிச்சு, ஹீ எது ஷீ எதுன்னு கத்துக்கிட்டு வந்தா அதுக்குத்தான் நல்லது. அவங்கம்மா இன்னும் ஒரு வருஷம் ஓட்ட மாட்டாங்களா என்ன? இத்தனை வருஷம் ஓட்டினவங்க. செலினும் குறை சொல்ல முடியாது, நானும் எறங்கி வந்துட்டேன். வேற யாரா இருந்தாலும் சும்மா உக்காந்திருப்பாங்க. நான் செஞ்சது சரிதானே? சொல்லுங்க, நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே.

என்னங்க, ஃபைலை எடுத்துட்டீங்க? நீங்க மெட்ராஸ் வரைக்கும்னுதானே சொன்னீங்க.

முன்னாடி சீட்டுக்கா? இங்க வெயில் படுதா உங்க மேல? அதுக்கு ஏன் எழுந்திரிக்கறீங்க, திரையை இழுத்து விட்டாப் போச்சு. இதோ, நானே இழுத்து விடறேன். உக்காருங்க. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, உக்காருங்க.